கர்டர் ஃபோர்க்: ஆட்டமும் கூடாது, பிடிப்பும் கூடாது

பழைய பைக் வைத்திருப்பவர்களிடம், அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் கர்டர் ஃபோர்க் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே புகார்தான் வரும். வேகம் கூடினால் முன்பக்கம் அலைகிறது, பள்ளத்தில் இறங்கினால் இடிக்கிறது, பிரேக் பிடித்தால் ஹேண்டில்பார் உதறுகிறது. கடைசியில் "அந்தக் காலத்து ஃபோர்க், அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. 1930களில் ஐல் ஆஃப் மேன் டி.டி. பந்தயத்தில் நார்ட்டன் வரிசையாக ஜெயித்தது கர்டர் ஃபோர்க் வண்டிகளில்தான். 1938, 1939 ஜூனியர் டி.டி.யில் வெலோசெட் ஜெயித்ததும் அப்படித்தான். போருக்குப் பின் வந்த வின்சென்ட் பி சீரிஸ் ராப்பைட், பிராம்டன் நிறுவனத்தின் கர்டரோடு மணிக்கு 100 மைலைத் தாண்டி ஓடியது. அலைகிற ஃபோர்க் என்றால் தேய்ந்த ஃபோர்க், அல்லது தப்பாகக் கோர்த்த ஃபோர்க். என்னிடம் இருக்கும் பி.எஸ்.ஏ. எம்20, 496 சி.சி. சைடு வால்வ் வண்டியின் ஃபோர்க்கை முழுக்கப் பிரித்துச் சீர்செய்ததில் எனக்குப் பிடிபட்ட விஷயங்களை இங்கே எழுதுகிறேன். மற்ற வண்டிகளின் கர்டர் ஃபோர்க்கிலும் அடிப்படை இதுவேதான்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு பக்கக் கால்களும் மேலே ஒன்றாக இணைந்து ஒரே விறைப்பான சட்டமாக இருக்கும். அந்தச் சட்டத்துக்குள் எதுவும் நீளாது, சுருங்காது. அது ஸ்டியரிங் தண்டோடு மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி லிங்க்குகளால் (இணைப்புத் தகடுகளால்) கோர்க்கப்பட்டிருக்கும். சக்கரம் மேட்டில் ஏறும்போது முழுச் சட்டமும் லிங்க்குகளின் மேல் ஊஞ்சல் போல எழும்பும், நடுவில் இருக்கும் ஸ்பிரிங் அதைத் தாங்கும். லிங்க்குகள் சுழல்வதற்கு நான்கு ஸ்பிண்டில்கள், அதாவது அச்சுத் தண்டுகள்: மேலே முன்னும் பின்னும், கீழே முன்னும் பின்னும். ஸ்பிண்டிலின் இரு நுனியிலும் லிங்க் இறுகப் பிடித்திருக்கும். ஆகவே லிங்க் அசையும்போது ஸ்பிண்டிலும் கூடவே சுழலும், அது உரசுவது சட்டத்திலும் ஸ்டியரிங் தண்டிலும் அடித்திறக்கிய புஷ்களுக்குள் (சிறு உலோகக் குழல்களுக்குள்). பிரேக் பிடிக்கும்போது வரும் இழுவை, பள்ளத்தில் விழும் அடி, வளைவில் வரும் பக்க விசை எல்லாம் இந்த நான்கு ஸ்பிண்டில்கள் வழியாகத்தான் ஃபிரேமுக்குப் போயாக வேண்டும். வேறு வழி கிடையாது.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களாலான டெலஸ்கோப்பிக் ஃபோர்க் வந்த பிறகு இது பழசாகிவிட்டது என்பது உண்மைதான். பி.எம்.டபிள்யூ. 1935இல் எண்ணெய் டேம்பிங்கோடு (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் அமைப்போடு) டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. 1941இல் மேட்ச்லெஸ் ஜி3எல் ராணுவ வண்டிக்கு அந்த வகை வந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் கர்டர் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். டெலஸ்கோப்பிக் ஃபோர்க் சாய்வான கோட்டில் சுருங்குவதால் பிரேக் விசையே அதை அமுக்கிவிடும். கர்டரில் சக்கரம் ஏறக்குறைய நேர் மேலே எழும்புவதால் பிரேக் பிடித்தால் மூக்கு அவ்வளவாக இறங்காது. நல்ல நிலையில் இருக்கும் கர்டரில் வளைவுக்கு முன் பிரேக் பிடித்துப் பாருங்கள், வண்டி நிமிர்ந்தே நிற்கும்.

பிரிப்பதற்கு முன் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்ஜினுக்கு அடியில் உறுதியான கட்டை கொடுத்து முன்சக்கரம் தரையைத் தொடாமல் நிறுத்துங்கள். ஃபோர்க்கின் துள்ளலை அடக்கும் டேம்பரின் திருகு, ஹேண்டில் உதறலை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் இரண்டையும் முழுதாகத் தளர்த்திவிடுங்கள். இவை இறுக்கமாக இருந்தால் ஆட்டத்தை மறைத்துவிடும். இப்போது ஒருவர் ஃபோர்க்கின் அடி நுனிகளைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்ட வேண்டும். நீங்கள் லிங்க்கும் சட்டமும் சேரும் இடத்தில் பாதி லிங்க்கிலும் பாதி சட்டத்திலும் படுகிற மாதிரி விரலை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று நகர்ந்தால் விரல் நுனியில் தெரியும், கண்ணுக்குத் தெரியாத அசைவைக்கூட விரல் பிடித்துவிடும். இப்படி நான்கு ஸ்பிண்டிலையும் பார்த்துவிட்டு, கடைசியாக கோன்செட்டில், அதாவது ஸ்டியரிங் தண்டு சுழலும் பேரிங்கில், விரல் வையுங்கள். ஃபோர்க் ஆட்டமும் கோன்செட் ஆட்டமும் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த விரல் சோதனை இல்லாமல் கோன்செட்டை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் பேரிங் குண்டுகள் தாம் ஓடும் ரேஸ் வளையத்தில் குழி பறித்துவிடும்.

என் வண்டியில் மேல் லிங்க்குகள் ஓரளவு பரவாயில்லை, கீழ் ஸ்பிண்டில்கள் இரண்டும் போயிருந்தன. சக்கர அச்சு கீழ் ஸ்பிண்டிலை விட வெகு கீழே இருக்கிறது. அதனால் ஸ்பிண்டிலில் முடி அளவு ஆட்டம் இருந்தாலும் சக்கரத்தில் அது சில மடங்காகப் பெருகித் தெரியும். "கொஞ்சம்தானே" என்று விடக்கூடாத இடம் இது.

பிரிக்கும் வேலைக்குப் போகுமுன் ஸ்பேனர் பற்றி ஒரு வார்த்தை. பழைய பிரிட்டிஷ் வண்டியில் மெட்ரிக் ஸ்பேனர் போடாதீர்கள். இந்த நட்களில் பெரும்பாலும் சைக்கிள் மரை இருக்கும், அங்குலத்துக்கு 26 சுற்று. நட்டின் முகம் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்பேனர் அளவில் இருக்கும். கிட்டத்தட்டப் பொருந்தும் ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு இழுத்தால் நட்டின் முனைகள் உருண்டுவிடும், அப்புறம் உளியும் சுத்தியலும்தான். நட் தொலைந்தாலும் வேறு மரை நட்டை வலுக்கட்டாயமாக ஏற்றாதீர்கள். முதல் சுற்று போகும், அதற்குள் ஸ்பிண்டிலின் மரை நாசமாகியிருக்கும்.

சக்கரம், மட்கார்டு, விளக்கு, கேபிள்கள் எல்லாம் வெளியே வந்ததும் ஒவ்வொரு லிங்க்கிலும் இடம், வலம், மேல், கீழ் என்று அடையாளம் போடுங்கள். பெயின்ட் போடும்போது மார்க்கர் மை அழிந்துவிடும், அதனால் மெல்லிய கம்பியில் தகரத் துண்டைக் கட்டிவிடுவதே நல்லது. வாஷர்களையும் எந்த ஸ்பிண்டிலின் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அப்படியே கோர்த்து வையுங்கள். ஃபோன் கேமரா இருக்கிறது, ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள்.

நடு ஸ்பிரிங் பல ஃபோர்க்குகளில் மேலும் கீழும் ஒரு சுருள் பிடியில் திருகி ஏற்றப்பட்டிருக்கும், ஸ்பிரிங்கின் சுற்றே மரை மாதிரி அதில் ஏறும். சட்டம் முழுதாகக் கீழே தொங்கும்போதுதான் ஸ்பிரிங்கில் அழுத்தம் மிகக் குறைவு, அந்த நிலையில்தான் கழற்ற வேண்டும். ஆனாலும் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கக்கூடும். முகத்தை ஸ்பிரிங்குக்கு நேராக வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். சட்டத்தைக் கயிற்றில் கட்டி வைத்துவிட்டுக் கடைசி ஸ்பிண்டிலை உருவுங்கள், இல்லையென்றால் அவ்வளவு கனமும் திடீரென்று காலில் விழும்.

துருப்பிடித்துச் சிக்கிய ஸ்பிண்டிலுக்குப் பொறுமை மட்டுமே மருந்து. ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள், மறுநாள் புஷ் இருக்கும் பகுதியை மிதமாகச் சூடேற்றுங்கள், திரும்பவும் எண்ணெய். அடிக்க வேண்டியிருந்தால் நட்டை ஸ்பிண்டில் நுனிக்குச் சமமாக ஏற்றி வைத்து, பித்தளைத் துண்டை இடையில் கொடுத்து அடியுங்கள். நட் மரையைக் காப்பாற்றும். சிவக்கக் காய்ச்சுவது மட்டும் கூடாது. சட்டத்தின் குழாய்கள் லக்குகளில் (குழாய்களை இணைக்கும் உலோகப் பொருத்துகளில்) பிரேசிங் போட்டு, அதாவது பித்தளையை உருக்கி ஊற்றி, ஒட்டப்பட்டவை, அந்தச் சூட்டில் இணைப்பின் பலமே போய்விடும்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மேசையில் பரப்பியபின் வருவதுதான் இந்த வேலையின் முக்கியமான பகுதி. அவசரப்படாமல் பாருங்கள். ஸ்பிண்டிலின் நீளவாக்கில் நகத்தை ஓட்டினால் புஷ்ஷுக்குள் இருந்த பகுதிக்கும் வெளியே இருந்த பகுதிக்கும் நடுவில் நகம் தட்டும். அந்தப் படிதான் தேய்மானம். மைக்ரோமீட்டர் வைத்து ஒரே இடத்தில் இரண்டு திசையில் அளந்து பாருங்கள், ஒரு திசையில் குறைவாக இருக்கும். பிரேக்கும் பள்ளமும் எப்போதும் ஒரே திசையில் தள்ளுவதால் ஸ்பிண்டில் முட்டை வடிவமாகத் தேய்கிறது. இந்த ஸ்பிண்டில்களின் மேற்பரப்பு மட்டும் கடினப்படுத்தப்பட்டது. அந்தத் தோல் தேய்ந்து உள்ளே இருக்கும் மென்மையான எஃகு வெளியே வந்துவிட்டால் அதன் பிறகு தேய்மானம் விறுவிறுவென்று போகும். தேய்ந்த ஸ்பிண்டிலுக்குப் புது புஷ் போடுவது வீண் வேலை.

புது ஸ்பிண்டில் வாங்கும்போது எந்த எஃகில் செய்தது, கடினப்படுத்தப்பட்டதா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பதில் இல்லை என்றால் வாங்காதீர்கள். சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பியில் கடைந்து பளபளப்பாக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்பிண்டிலும் வேண்டாம். சாதாரண ஸ்டெயின்லெஸ் மென்மையானது, உரசும் இடத்தில் பிய்ந்து ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. முலாம் பூசுவதிலும் எச்சரிக்கை வேண்டும். மின்முலாம் போடும்போது கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் நுழைந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். முலாம் போட்ட கையோடு சுமார் 200 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சூடாக்கி அதை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யாத இடத்தில் ஸ்பிண்டிலையும் சக்கர அச்சையும் கொடுக்காதீர்கள். முன்சக்கரம் நிற்பதே அதில்தான்.

லிங்க்குகளில் பார்க்க வேண்டியது இரண்டு: ஓட்டைகளுக்கு இடையிலான தூரம் ஜோடிக்கு ஜோடி சரியாக ஒன்றா, தகடு முறுக்கிக்கொண்டிருக்கிறதா. இடது லிங்க்கும் வலது லிங்க்கும் அளவில் கொஞ்சம் மாறினாலும் ஸ்பிண்டில்கள் ஒன்றுக்கொன்று கோணலாகிவிடும். அப்புறம் நீங்கள் என்ன சரிசெய்தாலும் ஒரு நிலையில் இறுகும், இன்னொரு நிலையில் ஆடும். மேல் லிங்க்கும் கீழ் லிங்க்கும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்பதில்லை, சில ஃபோர்க்குகளில் வேறுபடும். ஆனால் இடமும் வலமும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும்.

சட்டத்தின் கோணலைப் பார்க்க நான் செய்தது எளிய முறை. மேல் புஷ் ஓட்டையிலும் கீழ் புஷ் ஓட்டையிலும் ஆட்டமில்லாமல் பொருந்தும் நேரான நீளக் கம்பிகளை நுழைத்தேன். சக்கர அச்சு உட்காரும் பிளவுகளில் மூன்றாவது கம்பி. முன்னால் ஓரிரு அடி தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால் மூன்றும் இணையாகத் தெரிய வேண்டும். அப்புறம் கம்பிகளுக்கு இடையிலான தூரத்தை இடது நுனியிலும் வலது நுனியிலும் அளந்து ஒப்பிடுங்கள். கம்பி நீளமாக இருக்க இருக்கச் சின்னக் கோணலும் பெரிதாகத் தெரியும். என் ஃபோர்க்கில் மேல், கீழ்க் கம்பிகள் சரியாக இருந்தன, அச்சுக் கம்பி மட்டும் ஒரு பக்கம் லேசாகப் பின்தங்கியிருந்தது. எப்போதோ வாங்கிய அடி. இதை நாமே நெம்புகோல் போட்டு நிமிர்த்தப் பார்க்கக்கூடாது. ஃபிரேமை அளவு மாறாமல் பிடித்து நிமிர்த்தும் ஜிக் வைத்திருப்பவரிடம் கொடுத்துக் குளிர்ந்த நிலையிலேயே சரிசெய்து வாங்கினேன். அதிகமாக வளைந்த சட்டத்தை நிமிர்த்துவதை விட வேறு சட்டம் தேடுவதே நல்லது.

விரிசலுக்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. பெயின்டை முழுக்க எடுத்துவிட்டு, பிரேசிங் இணைப்புகளில் மண்ணெண்ணெயை நன்றாகப் பூசிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பிறகு சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தடவிவிடுங்கள். சுத்தியல் பிடியால் லேசாகத் தட்டினால் விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் மண்ணெண்ணெய் வெளியே வந்து வெள்ளைப் பொடியில் மெல்லிய கோடாக நனையும். விரிசலுக்குள் ஊறிக் காட்டும் சாயமான டை பெனிட்ரன்ட் டப்பா கிடைத்தால் இன்னும் துல்லியம். லக்கும் குழாயும் சேரும் விளிம்பு, பிரேக் பிளேட்டைத் தாங்கும் இடம், சக்கர அச்சுப் பிளவின் மூலை, இந்த மூன்று இடங்களையும் கட்டாயம் பாருங்கள். குழாய் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். தட்டிப் பார்த்தால் மெலிந்த இடத்தில் சத்தம் மாறும்.

இனி புஷ். சில ஃபோர்க்குகளில் எஃகு புஷ், சிலவற்றில் வெண்கலம். மாற்றும்போது பாஸ்பர் வெண்கலம் போடுவது வழக்கம், நானும் அதையே போட்டேன். பழைய புஷ்ஷை வெளியே தள்ளியதும் லக்கின் ஓட்டையைச் சுத்தம் செய்து, ஓரத்தில் பிசிறு இருந்தால் எடுத்துவிட்டு, புதிய புஷ்ஷைச் சுத்தியலால் அடிக்காமல் நீளமான போல்ட்டும் தடித்த வாஷர்களும் வைத்து நேராக இழுத்து உட்காரவையுங்கள். கிரீஸ் வரும் துளை லக்கின் துளைக்கு நேராக இருக்கிறதா என்று பாதியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முழுதாக உட்கார்ந்தபின் அதைத் திருப்ப முடியாது.

லக்குக்குள் இறுகியதும் புஷ்ஷின் உள்விட்டம் சுருங்கும். கையில் வைத்துப் பார்த்தபோது தாராளமாக நுழைந்த ஸ்பிண்டில் இப்போது நுழையாது. இங்கேதான் பலரும் எமரித் தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்ப்பார்கள். செய்யாதீர்கள். ஓட்டை மணியின் வாய் மாதிரி அகன்று போகும். இதற்கு ஓட்டையைத் துல்லியமாக அறுத்து அகலமாக்கும் ரீமர் வேண்டும். அதுவும் இரண்டு புஷ்களையும் ஒரே கோட்டில் அறுக்கும் நீள ரீமர், ஒரு புஷ்ஷுக்குள் வழிகாட்டித் தண்டு இருக்கும்போதே மறு புஷ்ஷை அறுக்க வேண்டும். தனித்தனியாக அறுத்தால் ஒவ்வொரு புஷ்ஷிலும் ஸ்பிண்டில் அருமையாகச் சுழலும், இரண்டிலும் சேர்த்துப் போட்டால் சிக்கும். இடைவெளி 0.025 முதல் 0.05 மி.மீ. வரை இருந்தால் போதும். லேசாக எண்ணெய் தடவிய ஸ்பிண்டில் கையால் தள்ளும்போது எதிர்ப்பில்லாமல் உள்ளே போக வேண்டும், ஆனால் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஒன்றும் தெரியக்கூடாது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் நல்ல லேத்காரர் கையில் கொடுத்துவிடுவது உத்தமம்.

பெயின்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் ஃபோர்க்குக்கு முன்பு யாரோ தடிமனான பவுடர் கோட்டிங் போட்டிருந்தார்கள், லக்கின் பக்க முகங்களிலும் சேர்த்து. அந்த முகங்களில்தான் வாஷர் உட்கார்ந்து சுழல்கிறது. கோட்டிங் மெல்ல மெல்ல நசுங்கித் தேய, ஒவ்வொரு முறை சரிசெய்த பிறகும் ஆட்டம் திரும்ப வந்துகொண்டே இருந்தது. உரசும் முகங்களை மறைத்துவிட்டுத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். பவுடர் கோட்டிங்கின் அடியில் விரிசல் வந்தாலும் வெளியே தெரியாது. அதனால் ஃபோர்க்குக்கு மெல்லிய எனாமல் பெயின்ட்தான் என் தேர்வு.

இப்போது கோர்க்கும் வேலை. ஸ்பிரிங் போடாமல், டேம்பர் தட்டுகள் போடாமல், சக்கரம் மாட்டாமல் முதலில் கோருங்கள். ஸ்பிரிங் இருந்தால் அது பலமாகத் தள்ளி எல்லாக் குறையையும் மூடிவிடும். ஸ்பிண்டில் சிக்கினாலும் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு போய்விடும், ஓட்டும்போதுதான் அந்தச் சிக்கல் கையில் தெரியும். ஸ்பிரிங் இல்லாத சட்டத்தை அடியில் பிடித்து மேலே தூக்கிக் கையை எடுத்தால், அது தன் கனத்திலேயே கிரீஸின் மெல்லிய எதிர்ப்போடு வழுவழுப்பாக இறங்கி அடியில் நிற்க வேண்டும். நடுவில் எங்காவது தயங்கினாலோ நின்றாலோ ஏதோ ஒரு ஸ்பிண்டில் கோணலாகவோ அளவுக்கு மீறி இறுகியோ இருக்கிறது என்று பொருள். அப்போது எல்லா ஸ்பிண்டில்களின் பூட்டு நட்டையும் தளர்த்திவிட்டு, ஒவ்வொன்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் தூக்கி விட்டுப் பாருங்கள். குற்றவாளி தானே மாட்டிக்கொள்ளும்.

சரிசெய்யும் முறை என்னவென்றால், வெப் நிறுவனத்தின் வகையிலும் அதன் வழிவந்த பல ஃபோர்க்குகளிலும் ஸ்பிண்டிலின் ஒரு பக்க மரை லிங்க்குக்குள் திருகி ஏறும், மறுபக்கம் ஒரு தோள் லிங்க்கைத் தடுத்து நிற்கும். ஸ்பிண்டிலை அதன் சதுர அல்லது அறுகோண நுனியைப் பிடித்துத் திருப்பினால் இரண்டு லிங்க்குகளும் நெருங்கும் அல்லது விலகும். லிங்க்குக்கும் லக்குக்கும் நடுவில் விளிம்பில் சொரசொரப்பு வெட்டிய வாஷர் இருக்கும். அந்தச் சொரசொரப்பு விரலால் திருப்பிப் பார்ப்பதற்காகவே வெட்டப்பட்டது. எந்தத் திசையில் திருப்பினால் இறுகும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பூட்டு நட்டைத் தளர்த்தாமல் ஸ்பிண்டிலைத் திருப்ப முயலாதீர்கள், மரை பிடுங்கிக்கொள்ளும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த வயதான ஃபிட்டர் ஒருவர், நான் ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, "தம்பி, நட்டப் பாக்காத, வாஷரைப் பாரு" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். இடது கை விரல்கள் வாஷரில், வலது கையில் ஸ்பேனர். ஸ்பிண்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே வாஷரை உருட்டிப் பாருங்கள். முதலில் அது கலகலவென்று சுற்றும். இன்னும் இறுக்கினால் கிரீஸின் பிசுபிசுப்பு விரலில் தெரியும். அடுத்து ஓர் இடத்தில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால்தான் நகரும் நிலை வரும். அதற்கும் அப்பால் போனால் விரலால் திருப்பவே முடியாது. அழுத்திப் பிடித்தால் திரும்பும் அந்த நிலைதான் வேண்டியது. இரண்டு பக்க வாஷரும் ஒரே மாதிரி திரும்ப வேண்டும். ஒன்று லேசாகவும் மற்றது இறுக்கமாகவும் இருந்தால் வாஷர்களின் தடிமன் சமமில்லை, அல்லது லக்கின் முகம் கோணலாகத் தேய்ந்திருக்கிறது.

சரி, நிலை கிடைத்துவிட்டது. பூட்டு நட்டை இறுக்கியதும் மரையில் இருக்கும் இடைவெளி ஒரு பக்கமாக இழுபட்டு நிலை மாறிவிடும். அதனால் இறுக்கிய பிறகு வாஷரை மறுபடி விரலால் பார்க்க வேண்டும். பெரும்பாலும் முதல் தடவை சரியாக வராது. எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, அந்த அளவுக்கு முன்கூட்டியே தளர்வாக வைத்துவிட்டு மறுபடி பூட்டுங்கள். நான்கு ஸ்பிண்டிலுக்கும் இப்படியே. சலிப்பான வேலைதான். ஆனால் ஃபோர்க்கின் நல்லது கெட்டது எல்லாம் இந்த ஒரு மணி நேரத்தில்தான் தீர்மானமாகிறது. வாஷரில் வளையம் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் தயங்காமல் மாற்றுங்கள்.

எல்லாம் பூட்டியபின் மறுபடி அந்த விழும் சோதனை, கூடவே அடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும் சோதனை. ஆட்டம் இல்லாமலும் இருக்க வேண்டும், தானாக விழவும் வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காதவரை ஸ்பிரிங்கை மாட்டாதீர்கள். ஆட்டத்தைப் போக்க இறுக்கி, பிடிப்பைப் போக்கத் தளர்த்தி, இப்படியே மாறி மாறிச் செய்ய வேண்டிவந்தால் கோளாறு ரீமரிலோ லிங்க்கிலோ இருக்கிறது. திரும்பப் பிரியுங்கள்.

ஸ்பிரிங் விஷயத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தனி வண்டிக்கும் சைடுகார் வண்டிக்கும் வெவ்வேறு ஸ்பிரிங் கொடுத்தார்கள். வெளித்தோற்றம் ஒரே மாதிரி இருக்கும். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. மற்ற அளவுகள் ஒன்றாக இருக்கும்போது 9 மி.மீ. கம்பிக்குப் பதில் 9.5 மி.மீ. கம்பி போட்டால் விறைப்பு ஏறக்குறைய 24 சதவீதம் கூடிவிடும். அதனால் வெர்னியரில் கம்பி விட்டத்தையும், மேசையில் நிறுத்தி அழுத்தமில்லாத உயரத்தையும், சுற்றுகளின் எண்ணிக்கையையும் மூன்றும் சேர்த்துப் பாருங்கள். உயரம் குறைந்திருந்தால் ஸ்பிரிங் அசந்துவிட்டது. அடியில் வாஷர் போட்டு உயர்த்துவது தற்காலிக வேலை.

சரியான ஸ்பிரிங்கா என்று வண்டியே சொல்லும். வண்டி சும்மா தொங்கும்போது லிங்க்குகளின் முன்நுனி கீழே சாய்ந்திருக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பெரும்பாலான ஃபோர்க்குகளில் லிங்க்குகள் தரைக்கு ஏறக்குறைய இணையாக வர வேண்டும், முன்நுனி சற்றுத் தாழ்ந்திருந்தாலும் சரி. உட்கார்ந்தவுடனே முன்நுனி மேலே போய்விட்டால் ஸ்பிரிங் தளர்ந்தது, மேட்டில் ஏறும்போது மிச்சம் இருக்கும் அசைவு போதாது, இடிக்கும். உட்கார்ந்தும் இறங்கவே இல்லை என்றால் சைடுகார் ஸ்பிரிங்காக இருக்கலாம், முன்சக்கரம் சாலையில் துள்ளிக்கொண்டே வரும். சில நார்ட்டன் ஃபோர்க்குகளில் பெரிய ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் சின்னச் சின்னத் தடுப்பு ஸ்பிரிங்குகள் இருக்கும். சக்கரம் கீழே இறங்கும் வேகத்தை அவை கட்டுப்படுத்துகின்றன. தேவையில்லாத சாமான் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

கீழ் லிங்க்கின் பக்கவாட்டில் இருக்கும் உராய்வு டேம்பரில் ஃபைபர் தட்டுகளும் எஃகுத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கியிருக்கும். பழைய தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதோ காற்றடித்துத் தூசி கிளப்புவதோ கூடவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து எடுத்து, புதிய ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத தட்டு போட்டுவிடுங்கள். பக்கத்து ஸ்பிண்டிலுக்கு அடிக்கும் கிரீஸ் வழிந்து இந்தத் தட்டுகளில் ஏறினால் டேம்பர் வேலை செய்யாது. அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் பலன் இல்லை. எஃகுத் தட்டுகள் வளைந்திருந்தால் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். டேம்பர் திருகை முழுக்கத் தளர்த்தி ஆரம்பித்து, ஹேண்டிலை அமுக்கி விட்டால் முன்பக்கம் ஒரே தடவை எழும்பி நிற்கும் அளவுக்கு இறுக்குவது என் வழக்கம். அதைவிட இறுக்கினால் சின்னச் சின்ன மேடுகளில் ஃபோர்க் அசையவே அசையாது, அத்தனை அதிர்வும் மணிக்கட்டில் இறங்கும்.

கோன்செட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் பார்த்தேன். ஃபோர்க்கில் ஆட்டம் இல்லை என்று உறுதியான பிறகு, அசைவு தெரிந்தால் அது கோன்செட்டில் மட்டும்தான் இருக்க முடியும். குண்டுகளைக் கழற்றும்போது அடியில் தட்டு வைத்து எண்ணிக்கொள்ளுங்கள், மேலேயும் கீழேயும் தனித்தனியாக. ஸ்டியரிங் டேம்பர் தளர்வாக இருக்க, ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தட்டினால் தன் கனத்தில் கடைசி வரை போக வேண்டும். நடுவில் டக்கென்று உட்கார்ந்தால் ரேஸில் குழி விழுந்துவிட்டது. ஸ்டியரிங் டேம்பரை இறுக்கி அலைச்சலை நிறுத்துவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அலைச்சலுக்குக் காரணம் அப்படியே இருக்கும், அடங்கியது போலத் தோன்றும் அவ்வளவுதான். அந்த வேகத்தில் அது திரும்பக் கிளம்பினால் பிடிக்க முடியாது.

முதல் ஓட்டத்தை மெதுவாகவே வைத்துக்கொள்ளுங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், சக்கரம் இரண்டு கால்களுக்கும் நடுவில் இருக்கட்டும், பிரேக் பிளேட்டின் பிடி நட் இறுகியிருக்கட்டும். திரும்பி வந்ததும் சூடு ஆறுமுன் நான்கு ஸ்பிண்டிலிலும் வாஷரை விரலால் திருப்பிப் பாருங்கள். புதிய முகங்கள் ஒன்றோடொன்று படிந்து வரும்போது லேசாகத் தளரும். என் வண்டியில் கீழ் முன் ஸ்பிண்டில்தான் முதலில் தளர்ந்தது, மறுபடி சரிசெய்த பிறகு அப்படியே நிற்கிறது. பூட்டு நட்களில் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால், நட் நகர்ந்தால் நின்ற இடத்திலிருந்தே தெரியும்.

கிரீஸை நான் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவையும், மழையில் ஓட்டினால் வீட்டுக்கு வந்த கையோடும் அடிக்கிறேன். முன்சக்கரம் தரையைத் தொடாத நிலையில் அடிக்க வேண்டும். வண்டியின் கனம் ஸ்பிண்டிலை புஷ்ஷின் ஒரு பக்கத்தோடு அமுக்கி வைத்திருந்தால், எந்தப் பக்கத்தில் கிரீஸ் தேவையோ அந்தப் பக்கத்துக்குத்தான் அது போகாது. பம்பை அழுத்திக்கொண்டே சட்டத்தை மேலும் கீழும் அசைத்துக்கொடுங்கள். வாஷரின் இரண்டு ஓரத்திலும் கறுத்த பழைய கிரீஸ் பிதுங்கி, அதன் பின்னால் சுத்தமான புதுக் கிரீஸ் வரும்வரை அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் வந்து மறுபக்கம் வரவில்லை என்றால் புஷ்ஷின் துளை அடைத்திருக்கிறது, அந்த ஸ்பிண்டிலை உருவிப் பார்த்துவிடுங்கள். வெளியே வந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும், குறிப்பாக டேம்பர் இருக்கும் பக்கத்தில்.